பழைய ரீலோடிங் பிரஸ்: கைப்பிடி இறுகுகிறது, பிரைமர் மேலே நிற்கிறது, நீளம் மாறுகிறது. கோளாறு எங்கே?

டெக்சாஸிலிருந்து எழுதிய நீங்கள் மூன்று கோளாறுகளைச் சொல்கிறீர்கள். சுட்ட தோட்டாக் கூடுகளை மறுபடி நிரப்பும் கருவி, இரண்டாம் கையாக வாங்கிய டில்லன் ஆர்எல் 550 பிரஸ்; அதில் கைப்பிடி சில சமயம் இறுகிக்கொள்கிறது. சில கேஸ்களில், அதாவது பித்தளைக் கூடுகளில், பவுடரைப் பற்றவைக்கும் வெடிப்பொட்டான பிரைமர் முழுதாக உள்ளே இறங்காமல் துருத்தி நிற்கிறது. 9 எம்எம் தோட்டாக்களின் மொத்த நீளம் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. கடைசி வரியில் "பிரஸ் தேய்ந்துவிட்டதா, வந்த விலைக்குத் தள்ளிவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். தள்ளிவிட வேண்டாம். இந்த வகைப் பிரஸ்ஸில் வார்ப்போ, கேஸை மேலே தூக்கும் தண்டான ராமோ தேய்ந்து பயனற்றுப்போவது அரிது. அழுக்கு, தளர்ந்த போல்ட், கலப்படமாக வந்த பழைய கேஸ்கள் ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். பிரஸ்ஸை நேரில் பார்க்காததால் அவற்றில் எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. நீங்களே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன்.

நான் கோவையில் டூல்ரூமில் பிரஸ் டூலும் டையும் செய்யக் கற்றவன். அமெரிக்கா வந்தபின் மெஷின் ஷாப் வேலை. துப்பாக்கி சுடும் கிளப் நண்பர்கள் கொண்டுவரும் பிரஸ்களைப் பிரித்துப் பூட்டுவது வார இறுதிப் பழக்கமாகிவிட்டது. ஆகவே இரும்பு, பித்தளை, திருகு, இடைவெளி பற்றிச் சொல்வேன். எந்தக் குண்டுக்கு எவ்வளவு பவுடர் (வெடிமருந்து) என்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதை அச்சிட்ட ரீலோடிங் கையேட்டிலிருந்தோ பவுடர் தயாரிப்பாளரின் அட்டவணையிலிருந்தோதான் எடுக்க வேண்டும். யாரோ ஒருவர் இணையத்தில் சொன்னார் என்று எடுக்கக் கூடாது, நான் சொன்னாலும்கூட.

இந்தக் கருவியைப் பார்த்தே இராத வாசகர்களுக்காக நாலு வரி. சுட்டபின் வெளியே விழும் பித்தளைக் கூடுதான் கேஸ். சுடும்போது அது விரிந்துவிடும். அதை டை என்ற அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, வெடித்த பிரைமரைத் தள்ளிப் புதியதைப் பொருத்தி, பவுடர் கொட்டி, குண்டை உட்கார வைத்து, வாயை லேசாக இறுக்கினால் மறுபடி ஒரு தோட்டா. ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் போன்ற ஒற்றை நிலைப் பிரஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் நடக்கும். டில்லன் 550 நான்கு நிலைகள் கொண்ட புரோக்ரசிவ் வகை. கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் நான்கு கேஸ்களில் நான்கு வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கும். கேஸ்களைப் பிடித்திருக்கும் வட்டத் தகடான ஷெல்பிளேட்டை அடுத்த நிலைக்குக் கட்டைவிரலால் நாம்தான் சுற்றிவிட வேண்டும். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குச் செய்ய மத்திய அரசு உரிமம் தேவையில்லை. விற்பதற்குச் செய்தால் தேவை. இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் கவனிக்கவும்: அங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

ஸ்பேனரை எடுக்கும் முன் பிரஸ்ஸைக் காலி செய்யுங்கள். ஷெல்பிளேட்டில் உள்ள எல்லாக் கேஸையும் எடுத்துவிடுங்கள். பவுடர் குடுவையைக் கழற்றி, பவுடரை அதன் சொந்த டப்பாவில் திரும்பக் கொட்டி மூடி, வேறு அறையில் வையுங்கள். பிரைமர் குழாயையும் காலி செய்யுங்கள். அதில் பிரைமர் சிக்கியிருந்தால் மேலிருந்து கம்பியை விட்டுக் குத்தவே கூடாது. ஒரு பிரைமர் வெடித்தால் குழாயில் இருப்பது அத்தனையும் சேர்ந்து வெடிக்கும். அந்தக் குழாயைச் சுற்றிக் கனமான இரும்புக் கவசம் இருப்பது இதற்காகத்தான். சிக்கியது எளிதில் வரவில்லை என்றால் குழாயைத் தனியே வைத்துவிட்டுப் புதிது வாங்குங்கள், விலை கொஞ்சம்தான். கண்ணாடி போடாமல் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

ராமைச் சுற்றிப் படிந்திருக்கும் கரிய தூள் பெரும்பாலும் வெடித்த பிரைமரின் எச்சம். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மமான லெட் ஸ்டிஃப்னேட் இருக்கிறது. கம்ப்ரஸர் காற்றால் ஊதினால் அந்த ஈயத்தூசி உங்கள் மூச்சில்தான் போகும். நனைத்த துணியால் துடைத்து, துணியைக் குப்பையில் போட்டு, சாப்பிடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் இந்த வேலையைச் சமையலறை மேசையில் செய்யாதீர்கள்.

இப்போது சோதனை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக்கொண்டே போனால் குழப்பம்தான் மிஞ்சும். நேர்மாறாகச் செய்யுங்கள்: எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சேருங்கள். டைகள் பூட்டியிருக்கும் டூல்ஹெட்டை அப்படியே உருவி எடுத்துவிட்டு வெறும் கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அப்போதும் இறுகினால் கோளாறு ராமிலோ அதை இயக்கும் இணைப்புகளிலோதான். டைகளைத் தொட வேண்டாம். வழுக்கிக்கொண்டு போனால் டூல்ஹெட்டைச் செருகி, கேஸ் இல்லாமல் ஆட்டுங்கள். இங்கே இறுகினால் ஏதோ ஒரு டை அளவுக்கு மீறிக் கீழே இறங்கி ஷெல்பிளேட்டில் முட்டுகிறது. அதுவும் சரி என்றால் ஒரே ஒரு கேஸை முதல் நிலையில் வைத்து ஆட்டுங்கள், பிறகு அதையே இரண்டாம் நிலையில், மூன்றாவதில், நான்காவதில். எந்த இடத்தில் கை எடையை உணர்கிறதோ அங்கே நில்லுங்கள். கால் மணி நேர வேலை. இதைச் செய்யாமல் உதிரிப் பாகம் வாங்குகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

வெறும் ராமே இறுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சந்தேகம் துரு இல்லை, பிரைமர் எச்சம்தான். பிரைமர் கலவையில் உராய்வுக்காகப் பொடித்த கண்ணாடியும் சேர்ப்பதுண்டு. அந்தத் தூள் எண்ணெயோடு கலந்தால் வால்வுக்குப் பூசும் லாப்பிங் பேஸ்ட் மாதிரி ராமையும் அது ஓடும் துளையையும் சுரண்டிக்கொண்டே இருக்கும். இறுகுகிறதே என்று மேலே மேலே எண்ணெய் விடுவது இங்கே கெடுதல்தான். ராமை முழு உயரத்துக்கு ஏற்றி, தெரியும் பகுதியைத் துணியில் தொட்ட கரைப்பானால் பளிச்சென்று துடைத்து, ஒரு சொட்டு எஞ்சின் ஆயிலை விரலால் தடவி, ஏற்றி இறக்கி, வெளியே வழிந்து வரும் கருப்பை மறுபடி துடையுங்கள். கருப்பு வருவது நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். இணைப்புகளின் பின்களுக்கு எண்ணெயை விட கிரீஸ்தான் ஏற்றது. அங்கே அழுத்தம் அதிகம், அசைவு மெதுவானது. ராமில் துருப்புள்ளி இருந்தால் எண்ணெயில் நனைத்த நுண்ணிய வெண்கலக் கம்பிப் பஞ்சு போதும். எமரித் தாளைக் கையில் எடுக்காதீர்கள். அதன் மணல் துளைக்குள் போய்த் தங்கிவிடும், நீங்கள் சரிசெய்ய வந்த தேய்மானத்தை நீங்களே ஆரம்பித்துவைத்த கதையாகும். எண்ணெய் விஷயத்தில் இன்னொன்று: தெளிப்பான் டப்பாவிலிருந்து பீய்ச்சி அடிக்கும் எண்ணெய் பிரைமர் போகும் பாதையில் படிந்தால் பிரைமர் செத்துவிடும். தோட்டா வெடிக்காமல் போகும்போது யாருக்கும் இந்தக் காரணம் தோன்றாது.

ராம் சரி, முதல் நிலையில் கேஸ் வந்தவுடன்தான் இறுகுகிறது என்றால் கதை வேறு. 9 எம்எம் போன்ற நேரான கேஸ்களுக்கு வரும் சைசிங் டையில் கார்பைடு வளையம் இருக்கும். அதற்கு மசகு கட்டாயமில்லை, இருந்தாலும் லேசாகத் தெளித்தால் கைக்கு எளிது. கழுத்து குறுகிய 223 ரெமிங்டன் போன்ற ரைஃபிள் கேஸுக்கு மசகு இல்லாமல் டையில் ஏற்றவே கூடாது. அதையும் இதே பிரஸ்ஸில் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஏற்றும்போது எளிதாகப் போய், இறக்கும்போது மட்டும் கிரீச்சென்று பிடித்தால் அது டையின் நடுத்தண்டில் உள்ள உருண்டை கேஸின் கழுத்தை உள்ளிருந்து இழுப்பது. கழுத்தின் உட்புறத்துக்கு மசகு எட்டவில்லை என்று பொருள். கேஸ் டையிலேயே ஒட்டிக்கொண்டால் கைப்பிடியோடு மல்லுக்கட்ட வேண்டாம். கேஸின் விளிம்பு கிழிந்து வந்துவிடும், கேஸ் உள்ளேயே நிற்கும். டையைக் கழற்றி, நடுத்தண்டை முடிந்தவரை வெளியே திருகி, பிரைமர் போய்விட்டது என்பதை உறுதி செய்துகொண்டு, கேஸின் அடியில் 5.1 மி.மீ. துளை போட்டு, கால் அங்குல 20 இழைத் திருகுக்கு டேப் போட்டு, ஒரு குழாய்த் துண்டையும் வாஷரையும் முட்டுக்கொடுத்து போல்ட்டை இறுக்கினால் கேஸ் தானே வெளியே வரும். இதற்கென்றே செட் விற்கிறார்கள். ஷாப்பில் ஒரு போல்ட்டும் பழைய சாக்கெட்டும் இருந்தாலே போதும்.

டையை ஃப்ரீசரில் வைத்தால் கேஸ் கழன்றுவிடும் என்று சொல்வார்கள். பித்தளை எஃகை விட அதிகம் சுருங்கும் என்பது உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டால் 10 மி.மீ. விட்டத்துக்கு 40 டிகிரி குளிர்ச்சியில் கிடைக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 0.003 மி.மீ. லேசாக ஒட்டியிருந்தால் அது உதவலாம். மசகே இல்லாமல் சிக்கியதற்கு அது போதாது என்பது என் கருத்து.

பிரைமருக்கு வருவோம், மூன்று கோளாறுகளில் ஆபத்தானது இதுதான். பிரைமர் கேஸின் அடிமட்டத்தை விட 0.08 முதல் 0.13 மி.மீ. வரை உள்ளே இருக்க வேண்டும். ஒரு ஸ்டீல் ரூலரின் விளிம்பைக் கேஸின் அடியில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ரூலர் ஆடினால் பிரைமர் மேலே நிற்கிறது. அப்படி நின்றால் துப்பாக்கி ஊசியின் முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகி வெடிக்காமல் போகலாம். தானியங்கித் துப்பாக்கியில் அதைவிட மோசமாக, துப்பாக்கியின் பின்புறத்தை மூடும் போல்ட் அடைபடும் வேகத்திலேயே வெடித்துவிடலாம். ஏற்கெனவே பவுடரும் குண்டும் ஏறிவிட்ட தோட்டாவில் துருத்தும் பிரைமரை மறுபடி அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். தோட்டாவைப் பிரித்துவிடுங்கள்.

550இல் பிரைமர் உட்காருவது கைப்பிடியை மேல் எல்லை வரை உயர்த்தி, அதற்கும் அப்பால் முன்னோக்கித் தள்ளும்போது. புதிதாக வந்தவர்கள் பலர் அந்தக் கடைசித் தள்ளலை அரைமனதாகச் செய்கிறார்கள். பிரஸ் பொருத்திய மேசை ஆடினால் நீங்கள் தள்ளும் விசை மேசையை நகர்த்துவதில் போய்விடும், பிரைமருக்குப் போய்ச் சேராது. ஆகவே முதலில் மேசையைப் பாருங்கள்: யாரையாவது கைப்பிடியைத் தள்ளச் சொல்லிவிட்டு, பலகைக்கும் பிரஸ்ஸின் அடிப்பாகத்துக்கும் நடுவே விரலை வைத்தால் அசைவு தெரியும். மெல்லிய பலகை என்றால் அடியில் ஒரு இரும்புத் தகடு கொடுத்து போல்ட்டை அதன் வழியே இறுக்குங்கள். மேசை திடம் என்றால் அடுத்தது பிரைமரைத் தள்ளும் பஞ்ச். அது உட்காரும் குழிக்குள் இரண்டே இரண்டு பவுடர் துகள் விழுந்திருந்தாலும் உயரம் மாறிவிடும். பிரைமரின் முகத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் சிறு குழி விழுகிறதா பாருங்கள். விழுந்தால் பஞ்சின் தலையில் ஏதோ ஒட்டியிருக்கிறது. கழற்றித் துடைத்து, உலர்வாகவே பூட்டுங்கள். பஞ்ச் நடுவில் வராமல் ஒரு பக்கமாக முட்டினால் பிரைமர் சாய்ந்து நசுங்கும். பிரைமர் அமைப்பைப் பிடித்திருக்கும் திருகுகளைச் சற்றுத் தளர்த்தி, பஞ்ச் ஷெல்பிளேட்டின் துளைக்கு நடுவில் நிற்கும்படி வைத்து இறுக்க வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் சில கேஸ்களில் மட்டும் பிரைமர் ஏறவில்லை என்றால், அந்தச் சில கேஸ்களைத் தனியே எடுத்து வைத்து அடியில் உள்ள முத்திரையைப் படியுங்கள். ராணுவக் கேஸ்களில் பிரைமர் கழலாமல் இருக்கப் பித்தளையை ஓரத்தில் அடித்து மடக்கியிருப்பார்கள். வட்டத்துக்குள் சிலுவை போட்ட நேட்டோ குறி இருந்தால் அதை எதிர்பார்க்கலாம். அந்த மடிப்பைத் தனிக் கருவியால் எடுத்த பிறகே புதிய பிரைமர் ஏறும். இங்கே பிரஸ்மேல் குற்றமே இல்லை. வெடித்த பிரைமரை வெளியே தள்ளும் டையின் ஊசி அடிக்கடி உடைகிறது என்று வேறு ஒருவர் கீழே கேட்டிருந்தார். கேஸின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு துளைக்குப் பதில் ஓரமாக இரண்டு துளை தெரிந்தால் அது பெர்டன் வகை, நம் டைக்கு ஆகாது. கேஸைப் பாலிஷ் போடும் சோளத்தக்கைத் துகள் உள்ளே அடைத்துக்கொண்டிருந்தாலும் ஊசி வளையும்.

நீளம் மாறுவதற்கு முதலில் பார்க்க வேண்டியது ஷெல்பிளேட்டின் நடு போல்ட். அது தளர்ந்திருந்தால் பிளேட் சாயும். முதல் நிலையில் ஒரு கேஸ் டைக்குள் அழுந்தும்போது பிளேட் அந்தப் பக்கம் தாழ, மூன்றாம் நிலையில் குண்டை உட்காரவைக்கும் உயரம் மாறிவிடும். போல்ட்டைப் பக்கவாட்டில் ஒரு சிறு திருகு பூட்டி வைத்திருக்கும். அதை முதலில் தளர்த்தாமல் போல்ட்டைத் திருப்பினால் இழை கெடும். போல்ட்டைப் பிளேட் சுற்றாத அளவுக்கு இறுக்கி, பிறகு சுமார் அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) சுற்றுத் தளர்த்தி, சுற்றிப் பார்த்துச் சிறு திருகை இறுக்குங்கள். அதற்கு முன் பிளேட்டை வெளியே எடுத்து அடியில் துடைப்பது நல்லது. சிந்திய பவுடர் அங்கேதான் ஒளிந்திருக்கும். அடியில் உள்ள சிறு உருண்டையும் ஸ்ப்ரிங்கும் துள்ளி ஓடிவிடாமல் ஒரு கை வைத்துக்கொள்ளுங்கள். பிளேட் ஒவ்வொரு நிலையிலும் 'டிக்' என்று நிற்பது அவற்றால்தான்.

இங்கே ஒரு இயல்பான விஷயத்தையும் கோளாறாக நினைத்துவிட வேண்டாம். எல்லா நிலைகளிலும் கேஸ் இருக்கும்போது பிரஸ்ஸின் சட்டகம் கூடுதலாக விரியும், தோட்டா ஒரு மயிரளவு நீளமாக வரும். கடைசி இரண்டு மூன்று கேஸ்களில் பிளேட் காலியாகிக்கொண்டே வரும்போது தோட்டா சற்றுக் குட்டையாகும். எந்தப் புரோக்ரசிவ் பிரஸ்ஸிலும் இது நடக்கும். ஆகவே பிளேட் நிரம்பியிருக்கும்போது அளந்து டையை அமையுங்கள். குண்டின் நுனி ஈயமாகவோ குழிந்தோ இருந்தால் நுனியே குண்டுக்குக் குண்டு மாறும். அப்போது மொத்த நீளத்தை நம்ப முடியாது, வளைவின் தோளிலிருந்து அளக்கும் கம்பாரேட்டர் வேண்டும். 0.1 மி.மீ. ஏற்ற இறக்கத்துக்கு நான் ஸ்பேனரை எடுக்க மாட்டேன். 0.25 தாண்டினால் காரணம் தேடுவேன். 9 எம்எம் லூகருக்கு நியமித்த அதிகபட்ச மொத்த நீளம் 29.69 மி.மீ.; அதைத் தாண்டக் கூடாது. உங்கள் குண்டுக்குக் கையேட்டில் போட்டிருக்கும் நீளத்தை விடக் குட்டையாகவும் விடக் கூடாது. இந்தச் சின்னக் கேஸில் குண்டு கொஞ்சம் ஆழமாகப் போனாலே அழுத்தம் வேகமாக ஏறும்.

டையைத் திருப்பும்போது கண்மதிப்பாகச் செய்யாதீர்கள். டையின் இழை முக்கால் அங்குலத்துக்கு மேல் அரைக்கால், அதாவது எட்டில் ஏழு அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 இழை. ஒரு முழுச் சுற்று 1.81 மி.மீ. நகர்த்தும், அரைக்கால் சுற்று 0.23 மி.மீ. இதைத் தெரிந்துகொண்டு டையின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால் தடவிப் பார்க்க வேண்டியதில்லை. ஆர்சிபிஎஸ், லீ, ஹார்னடி, டில்லன் 550 எல்லாம் இந்த ஒரே இழைதான், எந்த டையும் எதிலும் ஏறும். டில்லனின் ஸ்கொயர் டீல் பி மட்டும் தனி அளவு. பழைய பிரஸ்ஸோடு பெட்டியில் வந்த டைகள் எதிலும் பொருந்தாமல் இருந்தால் அவை அதற்குரியவையாக இருக்கலாம்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றை நானே இழுக்கிறேன், ஏனென்றால் இறுகும் பிரஸ்ஸோடு இது ஒட்டிக்கொண்டே வரும். கைப்பிடி பாதியில் நிற்கிறது, பின்னுக்கு எடுக்கிறீர்கள், ஏதோ தட்டுகிறீர்கள், மறுபடி இழுக்கிறீர்கள். இதற்குள் இரண்டாம் நிலையில் இருந்த கேஸுக்குப் பவுடர் விழுந்ததா, இரண்டு தரம் விழுந்ததா, விழவே இல்லையா? பிளேட்டைக் கையால் சுற்றும் பிரஸ்ஸில் இதைச் சொல்லித்தர எந்த உறுப்பும் கிடையாது. இரட்டைப் பவுடர் துப்பாக்கியையே பிளக்கும். பவுடரே இல்லாவிட்டால் பிரைமரின் விசையில் குண்டு குழலுக்குள் பாதியில் நிற்கும், அடுத்த குண்டு அதன்மேல் மோதும். சிக்கல் வந்தால் பிளேட்டில் உள்ள எல்லாக் கேஸையும் எடுத்து, பவுடரைக் கொட்டி, புதிதாகத் தொடங்குங்கள். நாலு கேஸ் போனால் போகட்டும். இரண்டாம் நிலைக்கு நேராக ஒரு விளக்கைப் பொருத்தி, குண்டை வைக்குமுன் ஒவ்வொரு கேஸின் உள்ளும் கண்ணால் பார்க்கும் பழக்கத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

பவுடர் விழாமல் போவதற்கு ஒரு வேடிக்கையான காரணமும் உண்டு. 550இல் பவுடர் அளவியைத் தள்ளி இயக்குவதே கேஸ்தான். 9 எம்எம் கேஸின் அதிகபட்ச நீளம் 19.15 மி.மீ. பார்வைக்கு அண்ணன் தம்பியாக இருக்கும் 380 ஏசிபி கேஸ் 17.27 மி.மீ.தான். சுடும் தளத்தில் பொறுக்கிய கேஸ்களில் அது கலந்து வந்தால் அளவியை முழுதாகத் தள்ளாது, பவுடர் குறைவாக விழும் அல்லது விழாது. வாய் விரியாததால் குண்டும் நசுங்கிக்கொண்டு ஏறும், கைப்பிடி திடீரென்று இறுகும். நீங்கள் "சில சமயம்" இறுகுகிறது என்று எழுதியிருப்பதைப் படித்ததும் என் மனதில் முதலில் வந்தது இதுதான். கேஸ்களை ஒருமுறை மேசையில் நிற்க வைத்துப் பாருங்கள், குட்டையானவை தனியே தெரியும். கூடவே, அளவிக்குள் பவுடரை அளந்து நகர்த்தும் பாரைத் திரும்ப இழுக்கும் கம்பியும் அதன் ஸ்ப்ரிங்கும் சரியாக மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய பிரஸ்களில் அது கழற்றிய நிலையில் வருவதுண்டு. பார் முழுதாகத் திரும்பாவிட்டால் அடுத்த கேஸ் காலியாகப் போகும்.

இனி, உண்மையான தேய்மானம். ராமை மேலே ஏற்றி, டயல் கேஜை அதன் தலையில் வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் ஆட்டம் தெரியும். இந்த எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. கேஸ் டைக்குள் நுழைந்ததும் டைதான் அதை நடுவில் கொண்டுவருகிறது. ஷெல்பிளேட்டில் கேஸ் சற்றே தளர்வாக உட்காருவதும் அதற்காகத்தான். ஆகவே ராமின் சின்ன ஆட்டம் தோட்டாவின் நேர்த்தியைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. டூல்ஹெட் தன் பள்ளத்தில் லேசாக ஆடுவதையும் சிலர் திருகு போட்டு நிறுத்துகிறார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் அது மேலே போய் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கிறது, அதனால் எனக்கு அதில் பலன் தெரியவில்லை. பலன் கண்டேன் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், சண்டைக்கு வரமாட்டேன். இணைப்பின் பின்களும் அவை போகும் துளைகளும் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் அது வேறு. கைப்பிடியில் வெற்று ஆட்டமாகத் தெரியும். பின்னை மாற்றுவது சுலபம். துளை தேய்ந்திருந்தால் அந்த இணைப்பையே மாற்றிவிடுங்கள்.

விரிசல் ஒன்றைத்தான் நான் சமாதானமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மேசையில் பொருத்தும் காதுகள், பின் துளைகளின் ஓரம், டூல்ஹெட் உட்காரும் பள்ளத்தின் மூலைகள், இந்த மூன்று இடங்களை நன்றாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வெல்டிங் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும் டை பெனிட்ரன்ட் (இங்கே டை என்றால் சாயம்) செட் வாங்குங்கள். துடைக்கும் திரவம், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர் என்று மூன்று டப்பா. விரிசல் இருந்தால் வெள்ளைமேல் சிவப்புக் கோடு தானே எழும். அப்படி வந்தால் தெருமுனை வெல்டரிடம் போகாதீர்கள். வார்ப்பு இரும்பானாலும் அலுமினியமானாலும் வெல்டிங் சூட்டில் சட்டகம் முறுக்கிக்கொண்டால் டைத் துளையும் ராமும் ஒரே கோட்டில் நிற்காது. அதைத் திரும்ப நேராக்கும் செலவில் வேறு பிரஸ் வந்துவிடும்.

டில்லன் 550ஐ பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்கு அந்த நிறுவனம் ஆயுள் முழுதும் உத்தரவாதம் தருகிறது, இரண்டாம் கையாக வாங்கியவர்களுக்கும் சேர்த்து. ஆகவே உடைந்த பாகத்தைக் கடைந்து செய்யும் முன் அரிசோனாவில் இருக்கும் அந்த நிறுவனத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். இந்த வார இறுதியில் மேலே சொன்ன காலிச் சோதனையைச் செய்துவிட்டு, கைப்பிடி இறுகியது எந்தக் கட்டத்தில், பிரைமர் துருத்திய கேஸ்களின் அடி முத்திரை என்ன, பிளேட் நிரம்பியிருக்கும்போது அடுத்தடுத்து வந்த பத்துத் தோட்டாக்களின் நீளம் எவ்வளவு என்று இங்கேயே எழுதுங்கள். ஷெல்பிளேட்டைக் கழற்றியபின் அதன் அடிப்பக்கத்தையும் பஞ்சின் தலையையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது.